நவம்பர், இரண்டாம் வியாழன்

பேச்சாளர்களை அழைப்பது என் வேலை.
அதற்கொரு நோட்டு வைத்திருக்கிறேன்:
பெயர், தொலைபேசி எண்,
படிக்கட்டு ஏறுவாரா, முட்டை ஒத்துக்கொள்ளுமா.
சில பெயர்களின் குறுக்கே பென்சில் கோடு.
அவர்களை இனி அழைக்க வேண்டியதில்லை.

இந்த மாதம் கிளெம் ஓல்ட்ராய்ட்.
பதினொரு பருவம் கவுண்டிக்கு இடக்கைச் சுழல் வீசியவர்.
பென்னைன் மலை மூடுபனியில்
நாற்பது மைல் தானே ஓட்டி வந்தார்.
இறங்கியதும் கேட்டது, கழிப்பறை எந்தப் பக்கம்.

முப்பது நாற்காலி போட்டிருந்தோம். பத்தொன்பது பேர்.
எங்கள் ஹீட்டர் ஒரு பக்கம்தான் சுடும்;
அந்தப் பக்கம் உட்கார இங்கே சீனியாரிட்டி வேண்டும்.
சாஸேஜும் பட்டாணி மசியலும் முடிந்து
தட்டு அடுக்கும் சத்தம் ஓயுமுன்
அவர் ஆரம்பித்துவிட்டார்.

விக்கெட் கதைகள் குறைவு.
வெள்ளை உடைக்கு வாரம் எவ்வளவு சலவைக்கூலி,
மழைநாள் சீட்டாட்டத்தில்
சம்பளத்தில் எத்தனை பங்கு போனது.
கவுண்டி அவரை விடுவித்த கடிதம் இரண்டே வரி,
அதிலும் அவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
“வேறு எவனுக்கோ வந்தது என்று
மறுநாளும் பயிற்சிக்குப் போய் நின்றேன்.”
சிரித்தோம்.
அவரும் சிரித்ததாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

எழுபத்தொன்று, ஜூலை, இதே மைதானம்.
வருடத்துக்கு ஒரு மேட்ச் கவுண்டி இங்கே வந்து ஆடும்.
மதியம் ஒருவருக்குக் கணுக்கால் பிசக,
ஊர்ப் பையன் ஒருவனை மிட்-ஆனில் நிறுத்தினார்கள்.
“கடன் பூட்ஸ். இரண்டு அளவு பெரிது.
எட்டு விக்கெட் என் பேரில். ஒன்பதாவது நேரே அவனிடம்.
சாஸரோடு தேநீர் நீட்டுவது போல
நீட்டினான் அந்த பேட்ஸ்மேன்.
பையன்தான் வாங்கிக்கொள்ளவில்லை.”
கூடம் குலுங்கியது.
“பேர் நினைவில்லை,” என்றார்.

நான் ராஃபிள் சீட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணியதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேவிஸ் க்ராப்ட்ரீ,
எண்பத்தாறு வயது,
அன்று ஸ்கோர் எழுதியவர், இன்றும் எழுதுபவர்,
கையை உயர்த்தாமலே சொன்னார்:
“எட்டு இல்லை. ஆறு.”
மடியில் அந்த வருடத்துப் புத்தகம்,
எப்போது எடுத்து வந்தாரோ.
“ஒன்று ரன் அவுட்.
இன்னொன்று நீங்கள் பிடித்தது, வீசியது வேறு ஆள்.”

கிளெம் தண்ணீர் குடித்தார். நிதானமாக.
“ஐம்பது வருடமாக எட்டு என்கிறேன்.
ஒரு ஊரிலும் ஒருவர் தடுக்கவில்லை.”
“எங்களை இப்போதுதானே கூப்பிட்டீர்கள்,” என்றார் மேவிஸ்,
கூப்பிட்டது என்னவோ நாங்கள்.

பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்:
“விட்டது யார் என்று அதில் இருக்கிறதா?”

மேவிஸ் கண்ணாடியை ஏற்றிப் பக்கத்தைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
“விட்ட கேட்சுக்குக் கட்டம் கிடையாது.
ஒரு புள்ளி இருக்கிறது. அவ்வளவுதான்.”

ராஃபிளில் அவருக்கே விழுந்தது
ஒரு ஜாடி ஊறுகாய் வெங்காயம்.
பேச்சாளர்கள் வழக்கமாகத் திருப்பித் தருவார்கள்.
இவர் தரவில்லை.

வெளியே ஒரு விளக்கு எரியவில்லை.
கக்கத்தில் ஜாடி,
கோட்டுப் பையில் நான் கொடுத்த பெட்ரோல் காசு.
“கொஞ்சம் திற,” என்று சாவியை எறிந்தார்,
தோளுக்கு மேலே, மெல்ல, வளைத்து,
அந்த வயதிலும் அது
நடுவழியில் ஒருகணம் யோசித்துத்தான் இறங்கியது.
இரண்டு கையையும் சேர்த்தேன்.
விரலில் பட்டது உண்மை.

கைப்பேசி வெளிச்சத்தில்
ஈரப் புல்லில் மண்டியிட்டுத் தேடினோம்,
இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல முழங்கால்.
“அதே கை,” என்றார் கிளெம்,
புல்லைத் தடவியபடி.
“அன்றைக்காவது பூட்ஸ் மேல் பழி போட்டாய்.”